ஆலைக்குள் நல்ல காற்று

சிறு பிராயத்தில் சிலேட்டும் பலப்பமும் கொண்டு எழுத்துப் பயின்றவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். பலப்பத்தை ஒடித்துப் பங்கு போட்டுக்கொண்டதும், முனை மழுங்கியபோது கல்லில் தேய்த்துக் கூராக்கிக்கொண்டதும் நினைவிருக்கும். அந்தப் பலப்பம் எங்கே உண்டாயிற்று, யார் கையால் உண்டாயிற்று என்று அக்காலத்தில் நாம் எண்ணிப் பார்த்ததில்லை.

மத்தியப் பிரதேசத்திலே மந்த்சௌர் என்று ஒரு மாவட்டம். அங்கே பூமியிலிருந்து எடுக்கும் ஒருவகைப் பலகைக் கல்லை மின்சார வாள்களால் அறுத்துப் பலப்பமாக்கும் தொழில் நெடுங்காலம் நடந்து வந்தது. கல்லை அறுக்கும்பொழுது எழுந்த தூளிலே சிலிக்கா கலந்திருந்தது. அகமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் உடல்நல நிறுவனத்தார் அத்தொழிலாளரைப் பரிசோதித்தனர். பரிசோதிக்கப்பெற்றவர்களில் பாதிப்பேருக்கு மேல் சிலிக்கோஸிஸ் என்னும் நுரையீரல் நோய் பற்றியிருக்கக் கண்டனர். ஊரார் பிள்ளைகள் எழுத்தறிவதற்காகப் பலப்பம் செய்து கொடுத்தவர்கள் அதற்குத் தங்கள் மூச்சையே விலையாகக் கொடுத்தார்கள் என்று சொல்வது மிகையாகாது.

இந்த நோய்க்கு இன்றளவும் குணப்படுத்தும் மருந்து இல்லை. ஆனால் நோய் வாராமல் தடுக்கும் வழி உண்டு. அவ்வழியிலே தலையாயது, வேலைக்கூடத்தின் காற்றைத் தூய்மையாக வைத்திருக்கும் காற்றோட்ட ஏற்பாடு. அதைப் பற்றியே இன்று உங்களுடன் பேச எண்ணுகிறேன்.

உழைக்கும் மனிதன் ஒருவன் எட்டு மணி நேர வேலையில் ஏறத்தாழ 10 கன மீட்டர் காற்றைச் சுவாசிக்கிறான். அதன் எடை சுமார் 12 கிலோ. அவன் அன்று உண்ணும் சோற்றையும் பருகும் நீரையும் சேர்த்து நிறுத்தாலும் இந்த எடைக்கு ஈடாகாது. சோற்றில் ஒரு கல் தென்பட்டால் எடுத்து எறிகிறோம். தண்ணீர் கலங்கலாக இருந்தால் வடிகட்டுகிறோம். காற்றை மட்டும் கிடைத்தபடியே உள்ளே வாங்கிக்கொள்கிறோம். வேறு காற்றைத் தேர்ந்துகொள்ளும் உரிமை வேலைக்கூடத்தில் நிற்பவனுக்கு இல்லை.

நம்முடைய மூக்கும் தொண்டையும் ஓரளவுக்குக் காவல் செய்கின்றன. பருமனான தூசி மூக்கிலே தங்கிவிடுகிறது. ஒரு மீட்டரைப் பத்து லட்சமாகப் பகுத்தால் அதில் ஒரு பகுதி ஒரு மைக்ரான். மனிதனுடைய தலைமயிர் ஏறக்குறைய 70 மைக்ரான் பருமன் உள்ளது. நுரையீரலின் ஆழத்துக்குச் சென்று தங்குபவை பெரும்பாலும் 5 மைக்ரானுக்கும் குறைந்த துகள்கள். இவை கண்ணுக்குப் புலனாவதில்லை. ஆகவே கண்ணால் காணும் தூசியைக் கண்டு அஞ்சுவதைக் காட்டிலும், காணாத தூசியைக் கண்டு அஞ்சுவதே அறிவுடைமை.

மற்றொரு செய்தியையும் கருத வேண்டும். ஒரு மைக்ரான் அளவுள்ள கல்துகள் அசைவற்ற காற்றில் மனிதனின் மூக்கு உயரத்திலிருந்து தரையை அடைய ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகிறது. ஆலைக்குள் காற்று அசைவின்றி நிற்பதே இல்லையாதலால், அது நாள் முழுவதும் மிதந்துகொண்டேயிருக்கும். யந்திரத்தை நிறுத்திய பிறகு உணவு வேளையில் கூடத்தின் மூலையில் அமர்ந்து சாப்பிடுகிற தொழிலாளி, காலையில் அறுத்த கல்லின் தூசியைத்தான் சோற்றோடு சேர்த்து உட்கொள்ளுகிறான்.

எவ்வளவு தூசி சென்றால் தீங்கு? நமது தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணையிலே ஒரு கணக்கு வகுக்கப்பட்டது. தூசி முழுவதும் படிகக் கல்லாகவே இருக்குமானால், நுரையீரலின் ஆழத்தை அடையும் தூசி ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 0.1 மில்லிகிராமுக்கு மிகலாகாது என்பது அக்கணக்கின் முடிவு. அமெரிக்க நாட்டில் 2016-இல் அதையும் பாதியாகக் குறைத்து 0.05 மில்லிகிராம் என்று விதித்தார்கள். நம் கணக்கின்படியே பார்த்தாலும், ஒரு நாள் முழுவதும் சுவாசிக்கிற 10 கன மீட்டர் காற்றில் இருக்கத்தக்கது ஒரே மில்லிகிராம். பொடியுப்பிலே இருபது பரல்களின் எடைதான் அது. கல்லுடைக்கும் கூடத்தில் நிற்பவனின் புருவத்தின்மீது படிந்திருக்கும் வெண்மையை நினைத்துப் பாருங்கள். வரம்பு எத்தனை மடங்கு மீறப்படுகிறது என்பது விளங்கும்.

இனி, பரிகாரத்துக்கு வருவோம். "எங்கள் கூடத்தில் நான்கு விசிறிகள் சுழல்கின்றன; ஜன்னல்களும் உண்டு; காற்றுக்குக் குறைவில்லை" என்று கூறும் முதலாளிகள் பலர். அவர்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் உடல் வியர்வையைப் போக்கும் காற்று வேறு. நஞ்சைப் போக்கும் காற்று வேறு. கூரையில் தொங்கும் விசிறி வெளிக் காற்றை உள்ளே கொணர்வதில்லை; உள்ளே இருப்பதையே சுழற்றுகிறது. ஓரிடத்தில் எழும் தூசியைக் கூடம் முழுவதற்கும் பங்கிட்டுக் கொடுக்கும் பணியை அது செவ்வனே செய்கிறது.

காற்றோட்டத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று பொதுக் காற்றோட்டம். கூரை முகட்டில் திறப்பு வைத்துச் சூடான காற்று மேலே செல்லவும், கீழே உள்ள ஜன்னல்களின் வழியாகப் புதுக்காற்று நுழையவும் செய்வது அது. சுவரில் வெளியேற்றும் விசிறி பொருத்துவதும் அதைச் சேர்ந்ததே. உலைச் சூட்டையும், கூட்டத்தினால் உண்டாகும் புழுக்கத்தையும், கொடுமை குறைந்த ஆவிகளையும் நீக்க இது போதும். நஞ்சை இது அகற்றுவதில்லை. நீர் ஊற்றி மோரைப் பெருக்குவதுபோல நஞ்சின் செறிவைக் குறைக்கிறது. கல்தூசிக்கும் ஈயப் புகைக்கும் இம்முறை உதவாது. அவற்றின் செறிவைத் தீங்கற்ற அளவுக்குக் குறைக்கப் புயல் போன்ற காற்று வேண்டியிருக்கும்.

இரண்டாவது வகை, நஞ்சு பிறக்கும் இடத்திலேயே அதை உறிஞ்சி எடுக்கும் காற்றோட்டம். சமையலறையில் அடுப்பின் புகையை வீடெங்கும் பரவவிட்டுப் பிறகு ஜன்னல்களைத் திறப்பதற்கும், அடுப்புக்கு மேலேயே புகைபோக்கி வைப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இவ்விரண்டுக்கும். சாணைச் சக்கரத்தின் அருகே, அறுக்கும் வாளின் கீழே, வெல்டிங் செய்யும் மேடையின் ஓரத்திலே ஓர் உறிஞ்சு வாய் அமைத்து, குழாய் வழியே தூசியை ஈர்த்து, வடிகட்டியில் தங்கவைத்து, தூய காற்றை வெளியே விடுவது இதன் முறை.

கேட்பதற்கு எளிதாக இருக்கும் இந்த ஏற்பாடு பல ஆலைகளில் பயன்படாமற் போவதற்குக் காரணம் என்ன? காற்றின் இயல்பை அறியாமல் அமைப்பதுதான். இன்று இரவு வீட்டிலே ஒரு மெழுகுவத்தியை ஏற்றி வையுங்கள். ஒரு முழத் தொலைவில் நின்று ஊதினாலும் சுடர் அணைந்துவிடும். அதே தொலைவில் வாயைத் திறந்து மூச்சை உள்ளே இழுத்துப் பாருங்கள். எவ்வளவு பலமாக இழுத்தாலும் சுடர் ஆடுவதுகூட இல்லை. ஊதும் காற்று அம்புபோல் நேரே செல்கிறது. இழுக்கும் காற்றோ எல்லாத் திசைகளிலிருந்தும் வந்து சேருகிறது. குழாயிலிருந்து ஊதப்படும் காற்று, அக்குழாயின் விட்டத்தைப்போல் முப்பது மடங்கு தொலைவு சென்ற பிறகும் தன் வேகத்தில் பத்தில் ஒரு பங்கை வைத்திருக்கும். உறிஞ்சும் குழாயின் வேகமோ, ஒரே விட்டத் தொலைவுக்குள் பத்தில் ஒரு பங்காகத் தேய்ந்துவிடும்.

இதிலிருந்து பெறும் பாடம் ஒன்று. உறிஞ்சு வாய் தூசி பிறக்கும் இடத்துக்கு எவ்வளவு அண்மையில் இருக்கிறதோ அவ்வளவுக்குத்தான் அதனால் பயன். தொலைவு இரட்டித்தால், அதே பயனைப் பெற ஏறத்தாழ நான்கு மடங்கு காற்றை இழுக்க வேண்டும். அதற்குத் தக்கபடி விசிறியும் மின்சாரச் செலவும் பெருகும். ஒரு சாண் தொலைவில் வைக்கவேண்டிய வாயை, வேலைக்கு இடைஞ்சல் என்று இரண்டு சாணுக்கு நகர்த்திவிட்டால், விசிறியின் ஓசை மட்டும் மிஞ்சும். வாயின் விளிம்பைச் சுற்றிலும் ஒரு தகட்டுப் பட்டை பொருத்தினால், பின்புறமிருந்து வீணாக வரும் காற்று தடைப்பட்டு, இழுக்கவேண்டிய காற்றிலே ஏறக்குறைய கால் பங்கு மிச்சமாகும். தூசி பிறக்கும் இடத்தையே ஒரு பெட்டிபோல மூடி, கை செல்லும் அளவுக்கு மட்டும் திறப்பு விட்டால் இன்னும் சிறப்பு. அப்பொழுது சிறிய விசிறியே போதுமானதாகும்.

எல்லா நஞ்சுக்கும் ஒரே வேகம் பொருந்தாது. தொட்டியிலிருந்து மெல்ல எழும் ஆவியைப் பிடிக்க, அது எழும் இடத்தில் காற்று நொடிக்கு கால் மீட்டர் முதல் அரை மீட்டர் வேகத்தில் நகர்ந்தால் போதும். வெல்டிங் புகைக்கு அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை வேண்டும். சாணைச் சக்கரத்திலிருந்து சிதறும் தூசிக்கோ இரண்டரை மீட்டரும் அதற்கு மேலும் வேண்டும். உறிஞ்சப்பட்ட தூசி குழாய்க்குள் படியாமல் ஓட, நொடிக்கு 18 முதல் 20 மீட்டர் வேகம் வேண்டும். அதற்குக் குறைந்தால் தூசி குழாயிலேயே தங்கி, நாளடைவில் ரத்தக் குழாய் அடைபடுவதுபோல் அடைபட்டுவிடும். குழாயைச் செங்குத்தாக முறித்துத் திருப்பாமல் மெல்ல வளைத்துச் செல்ல வேண்டும் என்பதும் இதனால்தான்.

தொழிலாளி நிற்கும் இடத்தையும் கவனிக்க வேண்டும். தொட்டியின் மேலே குடைபோல ஒரு கவிகை தொங்கவிடுவது வழக்கம். பார்ப்பதற்கு அது நல்ல ஏற்பாடாகவே தோன்றும். ஆனால் தொட்டியின்மீது குனிந்து வேலை செய்பவனின் முகம், தொட்டிக்கும் கவிகைக்கும் நடுவிலல்லவா இருக்கிறது! எழும் ஆவியெல்லாம் அவன் மூக்கைத் தொட்ட பிறகே மேலே செல்லும். அத்தகைய இடத்தில் தொட்டியின் பக்கவாட்டில் நீண்ட பிளவாக உறிஞ்சு வாயை அமைப்பதே முறை. நல்ல காற்று முதலில் மனிதனைக் கடந்து, பிறகு நஞ்சைக் கடந்து, அதன் பின் வெளியே செல்ல வேண்டும். இந்த வரிசை மாறினால் ஏற்பாடு முழுவதும் எதிரியாகிவிடும்.

அடுத்ததாக, உள்ளே வரும் காற்று. ஒரு கூடத்திலிருந்து மணிக்கு 10,000 கன மீட்டர் காற்றை வெளியேற்றினால், அதே அளவு காற்று உள்ளே வந்தாக வேண்டும். மழைக்காலத்தில் ஜன்னல்களை அடைத்துவிட்டு விசிறியை மட்டும் ஓட்டினால், அது வெறுமனே சுழலும். இழுக்கும் காற்றோ குறைந்துவிடும். அருகே உலையிருந்தால் தீமை இன்னும் பெரிது. புகைபோக்கியின் வழியாக மேலே செல்லவேண்டிய புகை தலைகீழாகக் கூடத்துக்குள் இறங்கும். அதனோடு நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்ஸைடு என்னும் கொடிய வாயுவும் வந்து சேரும். ஆகவே, காற்று வெளியேறும் வழியை அமைப்பவர்கள் உள்ளே நுழையும் வழியையும் உடன் அமைக்க வேண்டும். இரண்டு வழிகளும் அருகருகே இருத்தல் ஆகாது. இருந்தால் வெளியேற்றிய அழுக்கே மறுவழியாகத் திரும்பி வரும்.

பருத்தி ஆலைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பஞ்சைக் கொட்டிச் சிக்கெடுக்கும் புளோரூமிலும் கார்டிங் பகுதியிலும் வேலை செய்பவர்களுக்கு, ஆண்டுகள் சென்றபின் ஒரு விசித்திர நோய் காண்கிறது. ஓய்வு நாள் கழித்து வேலைக்குத் திரும்பும் திங்கட்கிழமையன்று மார்பு இறுகி மூச்சு முட்டும், மறுநாள் தணிந்துவிடும். நாளாக ஆக, வாரத்தின் மற்ற நாட்களுக்கும் அது பரவி நிலைத்துவிடும். பிஸ்ஸினோஸிஸ் என்று மருத்துவர்கள் அதற்குப் பெயரிட்டனர். தொழிற்சாலைச் சட்டம் அதனை அறிவிக்கப்படவேண்டிய நோய்களின் பட்டியலிலே சேர்த்தது. நூல் அறாமலிருக்க ஆலைக்குள் ஈரப்பதம் வேண்டும் என்பதற்காகப் பெரும் பொருட்செலவில் யந்திரங்கள் நிறுவுகிறார்கள். நூலின் நலத்துக்குச் செய்யும் செலவில் ஒரு பகுதியை, கார்டிங் யந்திரத்தை மூடி அதன் தூசியை உறிஞ்சும் ஏற்பாட்டுக்குச் செய்தால் நூற்பவனின் நலமும் காக்கப்படும். தரையைத் துடைப்பத்தால் பெருக்குவதும், அழுத்தக் காற்றைப் பீய்ச்சி யந்திரத்தைச் சுத்தம் செய்வதும் படிந்த தூசியை மீண்டும் எழுப்பும் செயல்கள். தூசியை உறிஞ்சியே எடுக்க வேண்டும்.

விசிறி நிறுவியதோடு கடமை முடிந்தது என்று எண்ணலாகாது. வடிகட்டும் துணிப்பைகளில் தூசி அடைத்துக்கொண்டால் காற்றோட்டம் தளரும். பட்டை தளர்ந்தால் விசிறியின் வேகம் குறையும். இவற்றைவிட வியப்பான ஒரு பிழை உண்டு. பழுது பார்த்து மின்கம்பிகளைத் திரும்பப் பொருத்தும்பொழுது இடம் மாறிவிட்டால், விசிறி எதிர்த்திசையில் சுழலும். கூண்டுக்குள் சுழலும் மையவிலக்கு விசிறி எதிர்த்திசையில் சுழன்றாலும் காற்றைப் பழைய வழியிலேயே தள்ளும். ஆனால் மிகக் குறைவாகத் தள்ளும். ஓசை உண்டு, சுழற்சி உண்டு, சிறிது காற்றும் உண்டு. ஆகவே யாருக்கும் ஐயம் தோன்றாது. மாதக்கணக்கில் தொழிலாளிகள் தூசியைச் சுவாசித்துக்கொண்டேயிருப்பார்கள்.

இதைச் சோதிக்க விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. எரிந்து புகையும் ஓர் ஊதுபத்தி போதும். உறிஞ்சு வாயின் எதிரே, தூசி பிறக்கும் இடத்தில் அதைப் பிடித்தால், புகை தயக்கமின்றி வாய்க்குள் ஓட வேண்டும். தள்ளாடினாலும், தொழிலாளியின் முகத்தை நோக்கித் திரும்பினாலும் ஏற்பாட்டில் பிழை உண்டு என்று தெரிந்துகொள்ளலாம். தீப்பற்றும் ஆவிகளும், பஞ்சு, மாவு போன்ற தீப்பற்றும் தூசியும் உள்ள இடத்தில் மட்டும் இச்சோதனையை ஒருபோதும் செய்யலாகாது. அங்கே காற்றளக்கும் கருவியையே பயன்படுத்த வேண்டும்.

முகமூடியைப் பற்றி நீங்கள் கேட்கலாம். தோளில் கிடக்கும் துண்டை மூக்கில் கட்டிக்கொள்வதால் ஒரு பயனும் இல்லை. நுண்ணிய தூசி துணியின் இழைகளுக்கிடையே தாராளமாக நுழைந்து செல்லும். முகத்தோடு சரியாகப் பொருந்தும் நல்ல முகமூடி பயன் தரும். ஆனால் புழுங்கும் கூடத்தில் எட்டு மணி நேரம் அதை அணிந்து, பளுவான வேலையும் செய்வது எளிதன்று. முதலில் நஞ்சான பொருளுக்குப் பதில் தீங்கற்ற பொருளைத் தேட வேண்டும். வார்ப்படங்களைத் துலக்க மணலைப் பீய்ச்சும் வழக்கத்தை இங்கிலாந்து 1949-லேயே விலக்கியது இதற்கு எடுத்துக்காட்டு. அடுத்தபடி, கல்லை நீர் சொரிந்து அறுத்துத் தூசி எழாமல் செய்ய வேண்டும். பிறகு மூடி உறிஞ்ச வேண்டும். இவையெல்லாம் செய்த பின்னும் எஞ்சியிருப்பதற்குத்தான் முகமூடி.

சட்டம் என்ன சொல்லுகிறது? 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தன் 13-ஆம் பிரிவில் போதிய காற்றோட்டத்தையும், 14-ஆம் பிரிவில் தூசியும் புகையும் அவை தோன்றும் இடத்துக்கு எவ்வளவு அண்மையில் இயலுமோ அவ்வளவு அண்மையில் உறிஞ்சப்பட வேண்டும் என்பதையும் கட்டளையிட்டது. மெழுகுவத்தி நமக்குக் கற்பிக்கும் பாடத்தைச் சட்டம் இயற்றியவர்கள் அன்றே அறிந்திருந்தார்கள். 2020-இல் பாராளுமன்றம் நிறைவேற்றிய தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் காற்றோட்டத்தையும் தூசியற்ற சூழலையும் குறிப்பிடுகிறது. ஆனால் தொழிலாளர் எண்ணிக்கையைக் கொண்டுதான் தொழிற்சாலை எது என்று சட்டம் வரையறுக்கிறது. வீட்டுத் திண்ணையிலும் சிறு கொட்டகையிலும் கல் பட்டை தீட்டுபவர்கள் அந்த எண்ணிக்கைக்கு வெளியே நின்றுவிடுகிறார்கள். குஜராத்தில் கம்பாத்து நகரில் அகேட் கல்லைப் பட்டை தீட்டுவோர் இத்தகையவர்கள். முன்பு நான் குறிப்பிட்ட அகமதாபாத் நிறுவனத்தார் அவர்களுடைய சாணைக்கென்றே சிறிய உறிஞ்சும் கருவி ஒன்றை உருவாக்கினர். சிறு தொழிலுக்கும் ஏற்ற வழி உண்டு என்பதற்கு இதுவே சான்று.

சட்டம் ஏட்டில் இருந்தும் காற்று கூடத்தில் இல்லையானால் நேர்வது என்ன? மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா, அலிராஜ்பூர் மாவட்டங்களைச் சேர்ந்த பழங்குடி மக்கள், மழை பொய்த்த காலங்களில் பிழைப்பைத் தேடிக் குஜராத்தின் கோத்ரா பகுதிக்குச் சென்றார்கள். அங்கே வெங்கச்சங்கல்லை மாவாக அரைக்கும் ஆலைகளில் வேலை செய்தார்கள். நோயோடு ஊர் திரும்பியவர்கள் ஒருவர் பின் ஒருவராக மாண்டார்கள். இறந்தவர்களில் 238 பேரின் குடும்பங்களுக்குத் தலைக்கு மூன்று லட்சம் ரூபாய் வழங்குமாறு தேசிய மனித உரிமை ஆணையம் 2010-இல் பரிந்துரைத்தது. 2016-இல் உச்ச நீதிமன்றம் அத்தொகையைக் கொடுக்கும்படி உத்தரவிட்டது. 238 குடும்பங்களுக்கு மும்மூன்று லட்சம் என்றால் ஏழு கோடி ரூபாய்க்கு மேல் ஆகிறது. அந்த அரைக்கும் யந்திரங்களை மூடி, குழாயும் விசிறியும் வடிகட்டியும் பொருத்த இத்தனை பொருள் வேண்டியிருக்குமா? பொருள் போகட்டும், போன உயிரை எந்த நீதிமன்றம் மீட்டுத் தரும்?

நேயர்களே, உங்களில் ஆலை நடத்துவோர் இருக்கலாம்; மேற்பார்வையாளர் இருக்கலாம்; யந்திரத்தின் முன் நின்று உழைப்போரும் இருக்கலாம். நாளைக் காலையில் உங்கள் வேலைக்கூடத்தில் கதிரவன் ஒளி ஒரு துவாரத்தின் வழியாக நுழையும் இடத்தில் சற்று நின்று பாருங்கள். அந்த ஒளிக்கற்றையிலே மிதப்பது என்ன, அது எந்த யந்திரத்திலிருந்து பிறக்கிறது, எந்த வழியாக வெளியேறுகிறது என்று கேளுங்கள். வெளியேறும் வழி எதுவும் தென்படாவிட்டால், அது அங்கு வேலை செய்பவர்களின் மார்பிலேதான் சென்று தங்குகிறது என்று அறிந்துகொள்ளுங்கள். அன்றைக்கே அதற்கு வேறொரு வழியைத் திறந்துவிட முயலுங்கள்.